முதலில் அழுத்தியது யார்? குவிஸ் பஸர் செய்த கதை

(காட்சி: காலை நேர டச்பே கடற்கரை. பிறகு ஒரு மண்டபம். ஆறு மேசைகள், ஒவ்வொன்றிலும் ஒரு சிவப்புப் பொத்தான்.)

வணக்கம். திருகோணமலையில் ஒரு பாடசாலை மண்டபம். பொது அறிவுப் போட்டி நடக்கிறது. நான் செய்துகொண்டுபோன பஸர் அன்றைக்குத்தான் முதல் தடவை மேடை ஏறியது. மூன்றாவது சுற்று முடிந்ததும் ஆறாம் மேசையிலிருந்து ஒரு பிள்ளை எழும்பினாள். "சேர், நாங்களும் ஒன்றாம் மேசையும் சேர்ந்து அழுத்தினா எப்பவும் அவங்களுக்குத்தானே லைட் எரியுது?"

சிரித்துச் சமாளித்தேன். வீட்டுக்கு வந்து நிரலைத் திறந்தால், பிள்ளை சொன்னது முழு உண்மை.

(காட்சி: மேசையில் ஒரு ஆர்டுயினோ ஊனோ பலகை, அதாவது நாம் எழுதும் நிரலை ஓட்டும் குட்டிக் கணினி; வயர்கள், மடிக்கணினி.)

நடந்தது இதுதான். பொத்தானை அழுத்தும்போது உள்ளே இருக்கும் உலோகத் தகடு ஒரே தடவையில் ஒட்டிவிடாது. சில மில்லிசெக்கன் துள்ளும். ஒரு அழுத்தலைக் கணினி நாலைந்து அழுத்தலாக எண்ணிவிடும். அதைத் தடுக்க, நிரல் எல்லாப் பொத்தானையும் பார்த்து முடிக்கும் ஒவ்வொரு தடவையும் 50 மில்லிசெக்கன் சும்மா இரு என்று எழுதிவைத்திருந்தேன். பல பாடங்களில் சொல்லித்தருகிற வழிதான். ஆனால் அந்த 50 மில்லிசெக்கனுக்குள் ஆறாம் மேசை முதலிலும் ஒன்றாம் மேசை பிறகும் அழுத்தினால்? கண்விழித்த நிரல் ஒன்றிலிருந்து வரிசையாகப் பார்க்கிறது. ஒன்றாம் மேசை அழுத்தியிருக்கிறதா? ஆம். முடிந்தது கதை. ஆறாம் மேசையைத் திரும்பியும் பார்க்காது.

யோசித்துப் பார்த்தால் பஸருக்கு அந்தத் தூக்கமே தேவையில்லை. நமக்கு வேண்டியது முதல் தொடுகை மட்டும். அது வந்தவுடன் மற்ற எல்லாவற்றையும் பூட்டிவிடுகிறோம். அதற்குப் பிறகு பொத்தான் எவ்வளவு துள்ளினால் என்ன?

அடுத்தது, ஆறு பொத்தானையும் ஒவ்வொன்றாகக் கேட்காமல் ஒரே பார்வையில் பார்ப்பது. ஊனோவில் வயர் செருகும் இடங்களைக் கால்கள் என்போம். 0 முதல் 7 வரையான கால்கள் ஒரே தொகுதியைச் சேர்ந்தவை. எட்டின் நிலையையும் ஒரே கட்டளையில் வாசிக்கலாம். 0, 1 இரண்டும் கணினியோடு பேசப் போய்விடும். மிச்சம் 2 முதல் 7 வரை, சரியாக ஆறு மேசைக்கு ஆறு கால். வாசித்த எண்ணில் இரண்டு மேசை சேர்ந்து தெரிந்தால் திரையில் "சமநிலை" என்று காட்டுங்கள். நிரல் தன்பாட்டில் ஒருவரைத் தெரிவுசெய்யக் கூடாது. அது நடுவருடைய வேலை.

(காட்சி: கழற்றிய பழைய விசைப்பலகை.)

"ஏன் இவ்வளவு பாடு? பழைய கீபோர்டைக் கழற்றி வயரை ஒட்டினால் போதாதா?" என்று கேட்பீர்கள். ஒட்டலாம், வேலையும் செய்யும். ஆனால் சாதாரண கீபோர்டில் சில விசைகளைச் சேர்த்து அழுத்தினால் இன்னொன்று பதியாமல் போகும். ஒரு மேசை கையை எடுக்காமல் அமுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தால் பக்கத்து மேசை ஊமையாகலாம். கைபேசி பஸரும் அப்படித்தான்: வைஃபை ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு வேகத்தில் போகும். வகுப்பறை விளையாட்டுக்குச் சரி, கிண்ணம் வைத்த போட்டிக்கு வேண்டாம்.

வயருக்கு நெட்வொர்க் கேபிளை எடுங்கள். உள்ளே நாலு சோடி முறுக்கிய கம்பி. ஒரு சோடி பொத்தானுக்கு, ஒரு சோடி மேசை விளக்குக்கு. மண்டப நீளத்துக்கு வயர் போனால் ஊனோவின் உள்ளே இருக்கும் 20 முதல் 50 கிலோ ஓம் தடை போதாது; அவ்வளவு பெரிய தடை வயரை 5 வோல்டில் இறுக்கிப் பிடிக்காது. மின்விசிறி போடும் போதெல்லாம் பேய் அழுத்தும். ஒவ்வொரு காலுக்கும் 5 வோல்டிலிருந்து வெளியே ஒரு 1 கிலோ ஓம் தடை போடுங்கள். இன்னொன்று, நம்ம ஊர்க் காற்று. உப்புக் காற்றில் திறந்த செம்பு கொஞ்ச நாளில் பச்சை பிடித்துவிடும். மூடிய பொத்தான் வாங்குங்கள்.

கேள்வி முடிய முன்னரே விரலை வைத்து அமுக்கிக்கொண்டிருக்கும் கெட்டிக்காரர்களும் உண்டு. எல்லாப் பொத்தானும் விடுபட்டதைப் பார்த்த பிறகுதான் பஸர் திறக்க வேண்டும்.

(காட்சி: திரையில் புள்ளிப் பலகை.)

இனிப் புள்ளி. பஸரில் வராத சண்டை இதில் வரும். மொத்தத்தை மட்டும் வைத்துக்கொண்டு கூட்டிக் கழிக்காதீர்கள். கடைக்காரரின் கடன் கொப்பியைப் போல ஒவ்வொரு வரியாக எழுதுங்கள்: 14ஆம் கேள்வி, மூன்றாம் மேசை, 10 புள்ளி. 15ஆம் கேள்வி, ஐந்தாம் மேசை, கழித்தல் 5. மொத்தத்தைத் திரை கூட்டிக்கொள்ளட்டும். நடுவர் முடிவை மாற்றினால் பழைய வரியை அழிக்காமல், திருத்த வரி ஒன்று சேர்த்தால் போதும். ஒவ்வொரு வரியும் அந்தக் கணமே கோப்பில் சேமிக்கப்பட வேண்டும். கரண்ட் போனாலும் மடிக்கணினி பற்றரியில் ஓடும், ஊனோவும் அதன் யூஎஸ்பி வழியாகத்தான் மின் எடுக்கிறது. புரொஜெக்டர் மட்டும்தான் அணையும்.

புள்ளிப் பலகையை நான் இணையப் பக்கமாகவே எழுதினேன். குரோம் உலாவி 2021இலிருந்து ஊனோவோடு நேரடியாகப் பேசும். தமிழ் எழுத்தும் சிதையாமல் வரும். ஆனால் கேள்விகளைப் பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டித் தந்துவிடுவார்கள். முதல் நாளே யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். மேடையில் வைத்து மாற்றிப் பட்ட பாடு போதும் எனக்கு.

(காட்சி: இரண்டு வயர்கள் ஒரே பொத்தானில்.)

கொண்டுபோக முன் ஒரு சோதனை. ஒன்றாம் மேசை வயரையும் ஆறாம் மேசை வயரையும் ஒரே பொத்தானில் கட்டி இருபது தடவை அழுத்துங்கள். பெரும்பாலும் "சமநிலை" வர வேண்டும். திரும்பத் திரும்ப ஒன்றாம் மேசையே வந்தால், ஊனோ பக்கத்தில் வயர்களை இடம் மாற்றிக் கட்டி இன்னும் இருபது தடவை அழுத்துங்கள். அப்போதும் ஒன்றாம் மேசைதான் என்றால் நிரலைத் திறக்க வேண்டியதுதான். அந்தப் பிள்ளை கேட்ட கேள்வி அங்கேதான் இருக்கும்.