கடை கம்ப்யூட்டரில் எல்லாமே பழைய வெர்ஷன், ஏன் மாற்றவில்லை?

எல்லாருக்கும் வணக்கம். காலை ஏழு மணி, கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் டி.டி.பி. கடையின் ஷட்டரை இன்னும் ஏற்றவில்லை. ஆட்கள் வர ஆரம்பித்தால் பேச முடியாது என்று இப்போதே உட்கார்ந்துவிட்டேன்.

போன ஞாயிறு, கடைக்கு உதவிக்கு வரும் பாலிடெக்னிக் தம்பி இந்த மெஷினில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தான். திடீரென்று, "அண்ணா, இதுல ஓபன்எஸ்எஸ்ஹெச் 9.2 தான் இருக்கு. அந்தப் பெரிய ஓட்டையை 9.8-லதான் அடைச்சாங்களாம். அப்போ நம்ம மெஷின் திறந்தே கிடக்குதா?" என்றான். ஓபன்எஸ்எஸ்ஹெச் என்பது வேறொரு கம்ப்யூட்டரிலிருந்து இந்த மெஷினுக்குள் லாகின் ஆக உதவும் மென்பொருள். அவன் பயந்ததில் தப்பில்லை. ஊர்க்காரர்களின் பத்திரிகை, ஆதார் நகல், பத்திர டைப்பிங் எல்லாம் இதில்தான் இருக்கின்றன. விண்டோஸுக்குப் பதிலாக, பல ஆண்டு திருத்தம் கிடைக்கும் நீண்டகால ஆதரவு லினக்ஸுக்கு மாறும் எல்லாருக்கும் இந்தச் சந்தேகம் வருகிறது, அதனால் அவனுக்குக் காட்டியதை உங்களுக்கும் காட்டுகிறேன்.

இந்த மெஷினில் இருப்பது டெபியன் 12, லினக்ஸில் ஒரு வகை. 2023 ஜூன் 10 அன்று வெளிவந்தது. வெளிவருவதற்கு முன்பே மென்பொருள்களின் வெர்ஷன் உறைந்துவிடும். முதல் 3 ஆண்டு டெபியனின் சொந்தக் குழு பார்த்துக்கொள்ளும், அடுத்த 2 ஆண்டு எல்டிஎஸ் என்ற நீண்டகால ஆதரவுக் குழு பார்த்துக்கொள்ளும். அந்த 5 ஆண்டும் எண் பெரும்பாலும் அப்படியே நிற்கும். பாதுகாப்பு ஓட்டை தெரிந்தால் புது வெர்ஷனில் உள்ள அந்தத் திருத்தத்தை மட்டும் எடுத்துப் பழைய வெர்ஷனில் பொருத்துவார்கள். இதைத்தான் பேக்போர்ட் செய்வது என்கிறோம்.

நம் தேவனாம்பட்டினத்தில் ஃபைபர் படகில் விரிசல் விட்டால் என்ன செய்கிறார்கள்? அந்த இடத்தைத் தேய்த்து, ஃபைபர் மேட் வைத்து, ரெசின் பூசிக் காயவிட்டு மறுபடி கடலில் இறக்குகிறார்கள். படகின் பதிவு எண் மாறுவதில்லை. எண்ணை மட்டும் பார்க்கிறவருக்கு ஒட்டு தெரியாது.

ஒட்டு எங்கே தெரியும் என்றால், எண்ணின் வாலில். மென்பொருளைப் போடவும் புதுப்பிக்கவும் டெபியனில் இருக்கும் கருவி ஆப்ட்; அது கையாளும் ஒவ்வொரு மென்பொருள் பொதியும் ஒரு பேக்கேஜ். கட்டளை அடிக்கும் டெர்மினலில் ஆப்ட் பாலிசி என்று அடித்து, பக்கத்தில் பேக்கேஜ் பெயரைக் கொடுங்கள். 9.2பி1 என்பதோடு நிற்காது, அதற்குப் பின்னால் ஒரு கோடு போட்டு 2+டெப்12யூ3 என்று வரும். அந்த யூ3 தான் விஷயம். 2024 ஜூலையில் ரெக்ரெஷன் என்ற பெயரில் உலகமே பேசிய ஓட்டைக்கு டெபியன் 12-இல் திருத்தம் வந்தது அந்த யூ3-இல்தான். எண் அதைவிட அதிகமாக இருந்தாலும் சரி. ஆப்ட் சேஞ்ச்லாக் என்று கேட்டால் எந்தத் தேதியில் எந்த ஓட்டையை அடைத்தார்கள் என்று வரி வரியாகப் படிக்கலாம். தம்பி அதைப் படித்த பிறகுதான் டீ குடிக்கப் போனான்.

அந்த ஓட்டையின் கதையை இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். 2006-இல் அடைத்த ஓட்டை அது. பிறகு ஒரு மாற்றத்தின்போது தெரியாமல் மறுபடி திறந்துகொண்டு, 8.5 வெர்ஷனில் வெளியே வந்தது. அதற்கு முந்தைய 8.4 வைத்திருந்த டெபியன் 11 அதில் மாட்டவே இல்லை. 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்ற சுருக்கும் மென்பொருளில் யாரோ வேண்டுமென்றே பின்கதவு வைத்தபோதும் அப்படித்தான். கெட்டுப்போனவை 5.6.0, 5.6.1 இரண்டும். டெபியன் 12-இல் இருந்தது 5.4. ஆண்ட்ரெஸ் ஃப்ரோய்ண்ட் என்ற, போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் மென்பொருளை எழுதும் டெவலப்பர், லாகின் ஆக அரை விநாடி கூடுதலாக ஆகிறதே என்று விடாமல் தோண்டிக் கண்டுபிடித்தார். அந்த மனிதருக்கு நாம் எல்லாரும் கடன்பட்டிருக்கிறோம்.

சரி, பழசு எல்லா இடத்திலும் நல்லதா? இல்லை. இணையத்தோடு ஓட வேண்டியவை பழசானால் வேலையே செய்யாது. உபுண்டு என்ற இன்னொரு லினக்ஸின் 22.04-இல், யூடியூப் வீடியோவை இறக்கும் யூடியூப்-டிஎல் 2021 டிசம்பர் வெர்ஷன். யூடியூப் தன் பக்கத்தை மாற்றிக்கொண்டே இருக்கிறது, இது அங்கேயே நிற்கிறது. பிரவுசர் விஷயத்தில் டெபியனே இதை ஒத்துக்கொண்டு, ஃபயர்ஃபாக்ஸின் நீண்டகால ஆதரவு வகையான ஈஎஸ்ஆரைப் புது வெர்ஷனாகவே தருகிறது. புது லேப்டாப்பில் வைஃபை வரவில்லை என்றால் பெரும்பாலும் ஹார்டுவேரை இயக்கும் மையப் பகுதியான கெர்னல் பழசு. டெபியனில் புது வெர்ஷன்களையே தரும் பேக்போர்ட்ஸ் களஞ்சியம், உபுண்டுவில் புது ஹார்டுவேருக்கான ஹெச்டபிள்யூஈ கெர்னல் இரண்டும் அதற்காகவே இருக்கின்றன.

என் தொழிலில் பிரச்சினை, படம் வரையும் மென்பொருளான இங்க்ஸ்கேப். டெபியன் 12-இல் 1.2 தான். வடிவங்களைச் சேர்த்து வெட்டும் ஷேப் பில்டர் 1.3-இல்தான் வந்தது. திருவிழா நோட்டீஸுக்குக் கோபுரம் வரைகிறவர்களுக்கு அது எவ்வளவு நேரம் மிச்சம் பிடிக்கும் என்று தெரியும். அந்த ஆசையில் நான் ஒரு பெரிய தப்பு செய்தேன். எப்போதும் மாறிக்கொண்டே இருக்கும் டெபியனின் சிட் கிளையை, ஆப்ட் எங்கிருந்து எடுக்க வேண்டும் என்று சொல்லும் சோர்ஸ் லிஸ்ட்டில் சேர்த்து, இங்க்ஸ்கேப்பை மட்டும் புதிதாக எடுக்கலாம் என்று நினைத்தேன். அது, ஏறக்குறைய எல்லா மென்பொருளும் நம்பியிருக்கும் அடிப்படை லைப்ரரியான லிப்சியை இழுத்தது, லிப்சி இன்னும் நாற்பது பேக்கேஜை இழுத்தது. எஸ் என்று அடித்துவிட்டேன். மறுநாள் காலை பிரிண்டர் போச்சு, அப்புறம் டெஸ்க்டாப்பே வரவில்லை. லிப்சியைப் பின்னால் கொண்டுவர வழியில்லை. நெல்லிக்குப்பத்திலிருந்து ஒரு பெரியவர் மகள் கல்யாணப் பத்திரிகைக்காக மூன்று மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவர் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை, அதுதான் எனக்கு இன்றுவரை உறுத்துகிறது. ஆப்ட் நீண்ட பட்டியலைக் காட்டினால் முழுவதையும் படித்துவிட்டு எஸ் கொடுங்கள்.

இப்போது புது இங்க்ஸ்கேப் இதே மெஷினில்தான் ஓடுகிறது, ஃபிளாட்பேக்காக. ஃபிளாட்பேக் என்பது தனியாக வரும் பொதி; தனக்கு வேண்டிய லைப்ரரியைத் தானே கொண்டுவரும், அடித்தளத்தைத் தொடாது. நாம் போட்ட தமிழ் எழுத்துருவும் அதில் தெரிகிறது. டிஸ்க்கில் கூடுதல் இடம் பிடிக்கும். போட்டோ திருத்தும் ஜிம்ப் 3-ஐயும் அப்படித்தான் போட்டிருக்கிறேன்.

உபுண்டு வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கட்டாயம் பாருங்கள். 5 ஆண்டு ஆதரவு என்பது மெயின் பகுதிக்கு. அதில் சுமார் 2,300 பேக்கேஜ். யுனிவர்ஸ் பகுதியில் 23,000-க்கும் மேல் உண்டு, ஜிம்ப், இங்க்ஸ்கேப், விஎல்சி எல்லாம் அங்கேதான். அவற்றை ஆர்வலர்கள் முடிந்தால் பார்ப்பார்கள். உறுதியாகத் திருத்தம் வர உபுண்டு ப்ரோ என்ற கூடுதல் ஆதரவுச் சேவையை இணைக்க வேண்டும். சொந்த உபயோகத்துக்கு 5 மெஷின் வரை இலவசம். ப்ரோ செக்யூரிட்டி-ஸ்டேட்டஸ் என்று அடித்தால் எத்தனை பேக்கேஜ் எந்தப் பகுதி என்று கணக்குக் காட்டும். பழைய எண்ணைவிட என்னைப் பயமுறுத்துவது, யாரும் பார்த்துக்கொள்ளாத பேக்கேஜ்தான்.

இன்னொன்று, மென்பொருளை எழுதுகிறவர்களைப் பற்றி. எக்ஸ்ஸ்கிரீன்சேவர் என்ற ஸ்கிரீன்சேவர் மென்பொருளை எழுதும் ஜேமி ஜவின்ஸ்கி, தான் எப்போதோ சரிசெய்த பிழைகளுக்கு டெபியன் பயனர்களிடமிருந்து புகார் வந்துகொண்டே இருக்கிறது என்று நொந்துபோய், பழைய வெர்ஷன் என்ற எச்சரிக்கையைத் திரையிலேயே வைத்திருந்தார். 2016-இல் அது டெபியனில் பெரிய வாக்குவாதம் ஆனது. எனக்கு இரண்டு பக்கத்தின் வலியும் புரிகிறது. பிழை கண்டால் முதலில் ஃபிளாட்பேக்கில் புது வெர்ஷனைப் போட்டுப் பாருங்கள். அங்கேயும் இருந்தால் எழுதியவரிடம் சொல்லுங்கள். பழையதில் மட்டும் இருந்தால் டிஸ்ட்ரோவிடம், அதாவது டெபியன், உபுண்டு மாதிரி லினக்ஸைத் தொகுத்துத் தருகிறவர்களிடம் சொல்லுங்கள். ரிப்போர்ட்பக் என்ற கருவி டெபியனில் அதற்காகவே இருக்கிறது.

வெளியே யாரோ ஷட்டரைத் தட்டுகிறார்கள். மாசி மக நோட்டீஸ் கொடுக்க வருகிறேன் என்றவராக இருக்கும். இதோ ஆப்ட் அப்டேட் முடிந்து ஆப்ட் அப்கிரேட் கேட்கிறது, இன்று மூன்று பேக்கேஜ், நாலு எம்பி. எஸ் கொடுத்துவிட்டுக் கதவைத் திறக்கிறேன். வரேன்.