வீடாகப் போகிற வானை எப்படித் தெரிவு செய்வது?

வணக்கம் நேயர்களே.

சரக்கு வான் ஒன்றை வாங்கி, உள்ளே படுக்கையும் அடுப்பும் பூட்டி, அதிலேயே ஊர் சுற்ற வேண்டும் என்ற ஆசை இப்போது யாழ்ப்பாணத்திலும் பலருக்கு வந்திருக்கிறது. லீவில் வருகிற கனடாக்காரர், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், கலியாணப் படம் எடுக்க ஊர் ஊராக ஓடுகிற பொடியன்கள் என்று எல்லாரும் பட்டறைக்கு வந்து விசாரிக்கிறார்கள். வந்தவுடன் கேட்பது, "அண்ணை, எந்த எஞ்சின் நல்லம்?" என்பதுதான். எஞ்சினைக் கடைசியாகப் பாருங்கள் என்று நான் சொல்லுவேன். எஞ்சின் போனால் வேறொன்று பூட்டி, பதிவுப் புத்தகத்திலும் மாற்றிக்கொள்ளலாம். கூரை தாழ்வாக இருந்தாலோ தகடு உக்கிப் போயிருந்தாலோ பிறகு எவ்வளவு காசு கொட்டினாலும் சரிவராது. அதனால் இன்றைக்குக் கூரையையும் தகட்டையும் பற்றித்தான் கூடுதலாகப் பேசப் போகிறேன்.

முதலில் ஒன்று. இணையத்தில் லண்டன்காரரும் ஜெர்மன்காரரும் செய்து காட்டுகிற வான்கள் பெரும்பாலும் ஃபியட் டுக்காட்டோ, மெர்சிடிஸ் ஸ்பிரின்ரர் வகை. டுக்காட்டோவின் உள் அகலம் ஏறத்தாழ 1.87 மீற்றர். அதில் ஓர் ஆள் குறுக்கே நீட்டிப் படுக்கலாம். கட்டில் பின்பக்கம் குறுக்காகப் போய்விடுவதால் முன்னுக்கு நிறைய இடம் மிஞ்சுகிறது. எங்கள் சந்தையில் கிடைப்பது டொயோட்டா ஹையேஸ், நிசான் கரவான் போன்ற யப்பான் வான்கள். நாங்கள் கே.டி.எச். என்று சொல்கிற ஹையேஸின் சாதாரண உடம்புக்கு உள் அகலம் 1.5 மீற்றர் அளவுதான். குறுக்கே படுத்தால் முழங்கால் மடங்கும். கட்டிலை நீளவாக்கில்தான் போட வேண்டும். சரக்குத் தளத்தின் நீளம் 3 மீற்றர், கட்டிலுக்கு 1.9 மீற்றர் போனால் சமையலுக்கும் சாமானுக்கும் மிச்சம் 1.1 மீற்றர். அந்த வீடியோவைப் பார்த்து வரைந்த படத்தை இந்த வானுக்குள் இறக்க முடியாது.

இனி உயரம். சாதாரண கூரை உள்ள கே.டி.எச்.சில் தளத்திலிருந்து கூரை வரை சுமார் 1.3 மீற்றர். கேட்கக் காணும் போலத்தான் இருக்கும். கீழே பெட்டிகள் வைக்க 40 சென்ரிமீற்றர் உயரத்தில் கட்டில் அடித்து, அதன்மேல் 10 சென்ரிமீற்றர் மெத்தை போட்டால் மேலே எஞ்சுவது 80 சென்ரிமீற்றர். வளர்ந்த ஆள் நிமிர்ந்து உட்கார அது காணாது. ஒரு இரவுக்குப் பரவாயில்லை. மாரியில் ஐப்பசி, கார்த்திகை மழை விடாமல் அடிக்கிறபோது நாள் முழுக்க அதற்குள் குனிந்தபடி இருந்து பார்த்தால்தான் அந்தக் கஷ்டம் தெரியும். சுற்றுலாப் பயணிகளை ஏற்றி ஓடுகிற, கூரை உயர்ந்த நீள ஹையேஸில் உள் உயரம் 1.6 மீற்றர் அளவில் வரும். தளத்துக்குப் பலகையும் கூரைக்குச் சூடு தடுக்கிற போமும் அடித்தபிறகு சில சென்ரிமீற்றர் குறையும். என்றாலும் அடுப்படியில் தலையைக் கொஞ்சம் குனிந்தபடி நின்று தேத்தண்ணி போடலாம், நிமிர்ந்து உட்காரலாம். கே.டி.எச்.சுக்கு முந்தின, நாங்கள் டொல்பின் என்று சொல்கிற பழைய ஹையேஸிலும் கூரை உயர்ந்தது உண்டு. புதிய, பளபளப்பான, கூரை பதிந்த கே.டி.எச்.சையும் தகடு நல்லாக இருக்கிற, கூரை உயர்ந்த பழைய டொல்பினையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால், வீடு கட்ட நான் டொல்பினைத்தான் எடுப்பேன்.

பதிந்த கூரையை வெட்டி உயர்த்தலாமே என்று சிலர் கேட்பார்கள். இந்த வான்களுக்கு லொறியைப் போல உடம்பைத் தாங்கத் தனி இரும்பு அடிச்சட்டம் கிடையாது. தகடு, தூண், கூரை வளை எல்லாம் சேர்ந்துதான் பாரத்தைத் தாங்குகின்றன. கூரையை அறுத்தால் அந்தப் பலமும் அறுந்து போகும். செய்யாதீர்கள்.

அந்தக் காரணத்தினால்தான் கறள் எங்களுக்கு இவ்வளவு பெரிய விஷயம். லொறியில் பெட்டி உக்கினால் பெட்டியை மாற்றலாம். வானில் அடித்தகடு உக்கினால் உக்குவது வானின் முதுகெலும்பு. யாழ்ப்பாணமோ கடலும் களப்பும் சூழ்ந்த இடம். பண்ணைப் பாலத்தால் தீவுப் பக்கம் தினமும் ஓடிய வானையும், வவுனியா, அனுராதபுரம் பக்கம் ஓடிய வானையும் பட்டறையில் வாகனம் தூக்கிற மெசினில் ஏற்றிக் கீழே நின்று பார்த்தால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். வெளிநிறத்தைப் பார்த்து மயங்காதீர்கள். இழுவைக் கதவைத் திறந்து கீழ்த் தண்டவாளத்தில் விரலை விட்டுத் தடவுங்கள். பின் சில்லுக்கு மேலே உள்ள வளைவை உட்பக்கமிருந்து பாருங்கள். முன் கண்ணாடியின் றப்பருக்குக் கீழே நிறம் கொப்பளித்திருக்கிறதா என்று பாருங்கள். மழைத்தண்ணீர் ஓடுகிற கூரைப் பீலியை நகத்தால் சுரண்டுங்கள். சின்னக் காந்தம் ஒன்றைத் துணியில் சுற்றி, கதவின் அடிப்பாகம் முழுக்க ஓட்டிப் பாருங்கள். நல்ல தகட்டில் இழுத்துப் பிடித்துவரும் காந்தம், ஓட்டையைப் புட்டி வைத்து அடைத்த இடத்தில் பிடிப்பில்லாமல் வழுகி விழும். பழைய வானின் அடிப்பக்கம் முழுக்கப் புதுத் தார் பூசியிருந்தால், ஏன் இப்போது பூசினீர்கள் என்று கேளுங்கள். சின்னச் சுத்தியலால் மெல்லத் தட்டுங்கள். கணீரென்று கேட்க வேண்டும். மந்தமாகக் கேட்டால் அந்த இடத்தில் சந்தேகப்படுங்கள்.

மீன் ஏற்றிய வானை எவ்வளவு மலிவாகத் தந்தாலும் வாங்க வேண்டாம். ஐஸ் உருகி ஓடிய உப்புத் தண்ணீர் தளத்தின் மடிப்புகளுக்குள் வருசக்கணக்கில் ஊறியிருக்கும். கழுவிவிட்டால் மணம் போகலாம், கறள் உள்ளே வேலை செய்துகொண்டே இருக்கும். இதற்கு நேர்மாறாக, ஐஸ்கிறீம் ஏற்றிய சின்னப் பிறீசர் லொறி விலைக்கு வந்தால் ஒருக்கால் போய்ப் பாருங்கள். அதன் பெட்டிச் சுவருக்குள் ஏற்கெனவே தடித்த போம் இருக்கிறது. யன்னல் வெட்டுவது கரைச்சல், ஓட்டுநர் இருக்கையிலிருந்து பெட்டிக்குள் போக வழியும் இருக்காது. ஆனாலும் எங்கள் வெயிலுக்கு அதைவிட நல்ல சுவர் கிடைப்பது அரிது.

வெயில் என்று சொன்னேன். குளிர்நாட்டுக்காரர் வானுக்குள் கணப்பு வைக்கிறார்கள். நாங்கள் கவலைப்பட வேண்டியது சித்திரை, வைகாசி மத்தியானத்தைத்தான். வெள்ளைக் கூரை உள்ள வானாக எடுங்கள். சோலர் தகட்டைக் கூரையோடு ஒட்டாமல், நாலைந்து விரல் இடைவெளி விட்டுப் பூட்டினால் அதுவே கூரைக்கு நிழலாகும். மூன்று பக்கமும் கண்ணாடி உள்ள ஆள் ஏற்றும் வானைவிட, பக்கங்கள் மூடிய சரக்கு வான் சூட்டைக் குறைவாக உள்ளே விடும். எதிரெதிராக இரண்டு யன்னல் மட்டும் வெட்டி, கூரையில் ஒரு காற்றாடி வைத்தால் போதும். நுளம்பு வலையை மறக்க வேண்டாம். பனைக்குக் கீழே நிறுத்தினால் நிழலும் இல்லை, பழக்காலத்தில் கூரையும் நெளியும். வேம்பு நல்லது.

பாரத்தையும் முன்கூட்டியே கணக்குப் பாருங்கள். எட்டடிக்கு நாலடி, 18 மில்லிமீற்றர் ஒட்டுப்பலகை ஒன்று 30 கிலோவுக்குக் குறையாது. 60 லீற்றர் தண்ணீர் 60 கிலோ. வீட்டுக்கு அலுமாரி செய்கிற மாதிரி ஓடாவியார் வானுக்கும் செய்தால் பின் வில்லுத் தகடு தாழ்ந்துவிடும். சரக்கு வானை எடுக்கச் சொல்வதற்கு இன்னொரு காரணம், அதன் பின் வில்லுகள் ஏறத்தாழ ஒரு தொன் பாரத்துக்கென்றே செய்யப்பட்டவை.

சரி, எஞ்சினுக்கு வருவோம். டொல்பினின் 3எல், 5எல் டீசல் எஞ்சின்கள் கணினி இல்லாதவை. சாவகச்சேரியில் என்றாலும் மன்னார் வீதியில் பூநகரிப் பக்கம் என்றாலும் யாராவது ஒரு மெக்கானிக் திருத்தித் தருவார். வேகம் எதிர்பார்க்க வேண்டாம். கே.டி.எச். எஞ்சின் இழுவையில் கெட்டிக்காரன், ஆனால் டீசலைப் பீச்சுகிற இன்ஜெக்ரர் பழுதானால் செலவு பெரிது. எதை எடுத்தாலும் காலையில் எஞ்சின் ஆறியிருக்கிறபோது போய், உங்கள் கண்முன்னே ஸ்ராட் பண்ணச் சொல்லுங்கள். 2020இல் நிறுத்திய வாகன இறக்குமதியை 2025இல்தான் திரும்பவும் திறந்தார்கள் என்பதால் சந்தையில் நிற்கிற வான்களில் பெரும்பாலானவை வயசானவை. பழைய வானுக்கு விலையும் கூட. அவசரப்படாமல் தேடுங்கள்.

கடைசியாக ஒன்று. முற்பணம் கொடுக்க முன்னர், அடிச்சட்ட இலக்கத்தைப் பதிவுப் புத்தகத்தோடு ஒத்துப் பாருங்கள். கறள் தின்று வாசிக்க முடியாமல் இருந்தால் அந்த வானை விட்டுவிடுங்கள். புத்தகத்தில் வாகன வகை என்னவென்று போட்டிருக்கிறது என்பதையும் பாருங்கள். இருக்கை கழற்றுவதோ யன்னல் வெட்டுவதோ, மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் கேட்டு, அனுமதி தேவையென்றால் எடுத்த பிறகுதான். உள்ளே காஸ் அடுப்பு வைக்கிற எண்ணம் இருந்தால் காப்புறுதிக்காரருக்கும் எழுத்தில் அறிவியுங்கள். காஸ் காற்றைவிடப் பாரமானது, கசிந்தால் தளத்தில்தான் தங்கும்; அதனால் சிலிண்டர் வைக்கிற பெட்டிக்கு அடியில் வெளியே திறக்கிற துவாரம் கட்டாயம் வேண்டும். வான் பார்க்கப் போகும்போது அந்தப் பெட்டி எங்கே வரும் என்பதையும் அளந்துகொண்டு வாருங்கள்.

நன்றி, வணக்கம்.