கில்கோல்மன் கோட்டையும் டொனரெய்ல் மாளிகையும்

நேயர்களுக்கு வணக்கம். அயர்லாந்தின் தெற்கே, கார்க் மாவட்டத்தில், சதுப்பு நிலத்தின் ஓரமாக இடிந்த கோபுரம் ஒன்று நிற்கிறது. கில்கோல்மன் என்று பெயர். ஆங்கிலக் கவிஞர் எட்மண்ட் ஸ்பென்சரின் கோட்டை என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு அது உறுத்தும். அந்தக் கோட்டை டெஸ்மண்ட் பிரபுக்களுடையது. எலிசபெத் அரசியை எதிர்த்துக் கிளம்பி அவர்கள் தோற்றார்கள். 1583இல் டெஸ்மண்ட் பிரபு கொல்லப்பட்டார். அவர்களுடைய நிலத்தைப் பறித்து, இங்கிலாந்திலிருந்து வந்தவர்களுக்குப் பங்கு போட்டார்கள். ஸ்பென்சரின் பங்கு சுமார் 3,000 ஏக்கர், இந்தக் கோட்டையோடு சேர்த்து.

அவர் பெரிய கவி, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 1589இல் எலிசபெத் அரசியின் அரசவைப் பிரமுகர் வால்டர் ராலி அங்கே வந்து தங்கினார், கவிதையைக் கேட்டார், கவிஞரை லண்டனுக்குக் கூட்டிப்போனார். 1590இல் ‘ஃபேரி குவீன்’ காவியத்தின் முதல் மூன்று பாகங்கள் அச்சேறின. அக்கம்பக்கத்தில் ஓடும் ஆபெக் ஆற்றை ‘முல்லா’ என்று பெயர் மாற்றிப் பாடினார். அதே கைதான், நேயர்களே, கார்க் அடங்கிய மன்ஸ்டர் மாகாணத்தின் பஞ்சத்தையும், அயர்லாந்தைப் பற்றிய ஓர் உரைநடை நூலில் எழுதியது. கால் தாங்காமல், கையை ஊன்றித் தவழ்ந்து, காட்டுக்குள்ளிருந்து சனங்கள் வெளியே வந்தார்களாம். படித்தால் நெஞ்சு பதறும். ஆனால் அதே நூல், அயர்லாந்தை அடக்கப் பட்டினியே வழி என்றும் வாதாடுகிறது. இதைச் சொல்லாமல் அந்தக் கோட்டையைப் பற்றிப் பேசவே கூடாது என்பேன். 1598 அக்டோபரில் கிளர்ச்சிக்காரர்கள் கோட்டையைக் கொளுத்தினார்கள். தப்பியோடிய ஸ்பென்சர் மறு ஜனவரியில் லண்டனில் இறந்தார்.

சில மைல் தள்ளி, அதே ஆபெக் ஆறு ஓடும் பூங்காவுக்குள் டொனரெய்ல் மாளிகை இருக்கிறது. 1629இல் செயின்ட் லெஜர் குடும்பம் அந்த நிலத்தை வாங்கியது. மறுபடியும் சொல்கிறேன், இந்தப் பக்கம் அந்தக் காலத்தில் கைமாறியதில் பெரும்பாலும் பறித்த நிலம். அந்த வீட்டுப் பெண் எலிசபெத், ஆண்கள் மட்டுமே கூடும் ஃப்ரீமேசன் சபையின் ரகசியச் சடங்கைத் தற்செயலாகப் பார்த்துவிட்டாராம். வெளியே சொல்லிவிடக்கூடாதே என்று அவரையே உறுப்பினராக்கிவிட்டார்களாம்! 1712 வாக்கில் நடந்ததாகச் சொல்வார்கள்.

நேரம் முடியப்போகிறது. குதிரைப் பந்தயத்தை மட்டும் சொல்லிவிடுகிறேன். 1752இல் இருவர் பந்தயம் கட்டி, பக்கத்து ஊரான பட்டவன்ட்டின் தேவாலயக் கோபுரத்திலிருந்து டொனரெய்ல் கோபுரம் வரை, ஏறத்தாழ நாலரை மைல், வேலியும் ஓடையும் தாண்டிக் குதிரை விட்டார்கள். ‘ஸ்டீபிள்சேஸ்’ பந்தயம் தொடங்கிய கதை இதுதான் என்பார்கள். மாளிகையும் பூங்காவும் இன்று அரசின் பராமரிப்பில் இருக்கின்றன. யார் வேண்டுமானாலும் உள்ளே போய்ப் பார்க்கலாம். வணக்கம்.