பீகிள் கப்பலில் ஒரு வண்ணப்பெட்டி

நண்பர்களே, பீகிள் என்றதும் டார்வின்தான் நினைவுக்கு வருவார். அதே பாய்மரக் கப்பலில் நீர்வண்ண ஓவியர் ஒருவரும் போனார். கான்ராட் மார்ட்டென்ஸ் என்று பெயர். இன்று அவரைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

1833-இல் இந்தியாவுக்கு வரக் கப்பலேறியவர் அவர். வழியில் ரியோ டி ஜெனிரோவில், பீகிளின் ஓவியர் அகஸ்டஸ் எர்ல் உடல்நலமின்றி விலகிவிட்டதாகக் கேள்விப்பட்டார். உடனே மான்டிவிடியோ போய், பீகிளின் கேப்டன் ஃபிட்ஸ்ராயிடம் சேர்ந்தார். நமக்கு வரவேண்டியவர் தென் அமெரிக்காவின் தென்கோடியில் உள்ள படகோனியாவுக்குப் போய்விட்டார்!

டாகரின் புகைப்பட முறை 1839-இல்தான் வெளியானது. அதுவரை கப்பலுக்கு ஓவியர்தான் கண். எண்ணெய் வண்ணம் காய நாள்கணக்காகும். சுமார் 27 மீட்டர் நீளக் கப்பலில், அத்தனை நெருக்கடியில், ஈரப்படத்தை எங்கே சாய்த்துவைப்பது? நீர்வண்ணத்துக்குச் சின்னப் பெட்டியும் தாளும் போதும்.

ஆனால் கடல் லேசில் விடாது. ஈரக்காற்றில் முதல் பூச்சு காயவே காயாது. பொறுக்காமல் அடுத்ததைப் பூசினால் வானம் கரைந்து மலைக்குள் இறங்கிவிடும். கப்பல் சாய்ந்தால் தாளில் தேங்கிய நிறமும் அந்தப் பக்கமே ஓடும். கடல்நீரைத் தொட்டுத் தீட்டலாமே என்பீர்கள். உப்பு தாளில் தங்கி ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். நல்ல தண்ணீரோ பீப்பாய்களில் அடைத்து வந்தது.

கரையும் நிற்பதில்லை. கப்பல் ஒரு முனையைத் திரும்பியதும் மலையின் உருவமே வேறாகிவிடும். அதனால் மார்ட்டென்ஸ் பென்சிலால் விரைந்து கோடு பிடித்தார், சில இடங்களில் மெல்லிய வண்ணம் தொட்டார். முழு ஓவியம் பிற்பாடு நிதானமாக வந்தது. எதை விட்டுவிடுவது என்று அந்தச் சில நிமிடங்களில் தெரிந்துகொண்டாரே, அவருடைய பெரிய திறமையாக நான் நினைப்பது அதைத்தான்.

1834 ஏப்ரலில், படகோனியாவின் சான்டா குரூஸ் ஆற்று முகத்தில், அடிப்பகுதியைச் சோதிக்கக் கப்பலைக் கரையேற்றினார்கள். சாய்ந்து கிடந்த அந்தக் கப்பலை அவர் வரைந்த படம் பின்னர் செதுக்குப் படமாக, 1839-இல் வந்த ஃபிட்ஸ்ராயின் பயண நூலில் அச்சானது. அங்கிருந்து மூன்று படகுகளில் ஆற்றை எதிர்த்துப் போனார்கள். நீரோட்டம் கடுமை, கரையில் நடந்து, கயிறு கட்டி இழுத்தார்கள். டார்வினும் மார்ட்டென்ஸும் அந்தக் குழுவில் இருந்தார்கள்.

அந்த ஆண்டே சிலியின் வால்பரைசோவில், கப்பலில் இடமில்லாமல் மார்ட்டென்ஸ் இறங்க நேர்ந்தது. 1835-இல் சிட்னியில் குடியேறினார். மறு ஆண்டு பீகிள் அங்கே வந்தபோது டார்வின் அவரிடம் இரண்டு நீர்வண்ண ஓவியங்களை விலைகொடுத்து வாங்கினார். மார்ட்டென்ஸின் வரைவேடுகள் சில கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்தில் உள்ளன, இணையத்திலும் பார்க்கலாம். முடிந்த ஓவியங்களுக்கு முன்னால் அந்த ஏடுகளைப் பாருங்கள்.