கிணறு பொது, கயிறு யார் கையில்?

(நாகர்கோவிலில் கணினி மாணவர்களும் கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்களும் கூடிய அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, ஆசிரியப் பெருமக்களே, மாணவ மாணவியரே, அனைவருக்கும் என் வணக்கம்.

இங்கிருந்து கன்னியாகுமரி சாலையில் சிறிது தூரம் சென்றால் சாமித்தோப்பு. அங்குள்ள முந்திரிக் கிணற்றை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். எந்தக் கிணற்றில் யார் நீர் எடுக்கலாம் என்பதைச் சாதி முடிவு செய்த 19-ஆம் நூற்றாண்டுத் திருவிதாங்கூரில், எல்லாச் சாதியாரும் ஒரே கிணற்றில் நீர் எடுக்கவும் குளிக்கவும் வழி செய்தவர் அய்யா வைகுண்டர். அதற்கு முன்னும் தாழ்த்தப்பட்டவர்கள் தண்ணீர் இல்லாமல் செத்துவிடவில்லை. யாரோ ஒருவர் இறைத்து, எட்ட நின்று, ஏந்திய பாத்திரத்தில் ஊற்றினார்கள். ஊற்றிய நீரும் தாகம் தீர்க்கும். ஆனால் ஊற்றுகிறவருக்கு மனம் வரும்வரை காத்திருக்க வேண்டும். முந்திரிக் கிணறு மாற்றியது அந்தக் காத்திருப்பைத்தான். நிரல் எழுதுவதைப் பற்றிப் பேச அழைத்த இடத்தில் கிணற்றைப் பற்றி ஏன் பேசுகிறேன் என்று நீங்கள் கேட்கலாம். நிரலை எவரும் பார்த்து மாற்றும்படி திறந்து வைக்கும் திறந்தமூல மென்பொருளில் இன்று நாம் நிற்கும் இடம், ஊற்றுவதற்காகப் பாத்திரம் ஏந்தி நிற்கும் இடம் என்பதால்தான்.

இந்த அரங்கில் ஆண்ட்ராய்டு கைபேசி வைத்திருக்கும் ஒவ்வொருவரும், 1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ் என்ற இயக்குதளக் கருவின் (கெர்னல்) மீதுதான் தம் கைபேசியை இயக்கிக்கொண்டிருக்கிறார்கள். அதன் உரிமம் யாருடைய சாதியையும் பாலினத்தையும் தாய்மொழியையும் கேட்பதில்லை. எவரும் படிக்கலாம், மாற்றலாம், பகிரலாம். ஆகவே பயனாளராக இருப்பதில் நமக்குத் தடை ஏதும் இல்லை. மாற்றுகிறவர்கள் யார் என்று பார்த்தால்தான் படம் வேறாகத் தெரிகிறது. நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளத்தை நடத்தும் கிட்ஹப் நிறுவனம் 2017-இல் நடத்திய கணக்கெடுப்பில், பதிலளித்தவர்களில் 95 விழுக்காட்டினர் ஆண்கள், 3 விழுக்காட்டினர் மட்டுமே பெண்கள். ஆங்கிலத்தை மிக நன்றாக எழுதவோ படிக்கவோ வராதவர்கள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினர் என்பதும் அதே கணக்கெடுப்பில் தெரியவந்தது. திறந்தமூலம் என்று நாம் சொல்லும் 'ஓப்பன் சோர்ஸ்' என்ற பெயரை 1998-இல் முன்மொழிந்தவர் கிறிஸ்டின் பீட்டர்சன் என்ற பெண். பெயரிட்டவரின் பாலினத்தவரைத்தான் அந்தப் பெயர் தாங்கிய இடத்தில் தேட வேண்டியிருக்கிறது.

இதைச் சொன்னவுடன் எழும் மறுப்பு எனக்குத் தெரியும். நானே பல ஆண்டுகள் சொல்லிவந்த மறுப்புதான் அது. 'இங்கே ஆள் பேசுவதில்லை, நிரல் பேசுகிறது. நிரல் நன்றாக இருந்தால் ஏற்பார்கள்' என்பது. கிட்ஹப்பில் அனுப்பப்பட்ட புல் ரிக்வெஸ்ட்டுகளை, அதாவது 'இந்த மாற்றத்தை ஏற்றுக்கொள்ளுங்கள்' என்ற கோரிக்கைகளை ஆராய்ந்து 2017-இல் வெளியான ஓர் ஆய்வு இந்த நம்பிக்கையைச் சோதித்துப் பார்த்தது. மொத்தமாக எடுத்துக்கொண்டால் பெண்கள் அனுப்பிய மாற்றங்கள் ஆண்களுடையவற்றைவிடக் கூடுதலான விகிதத்தில் ஏற்கப்பட்டிருந்தன. ஆனால் அந்தத் திட்டத்திற்கு அறிமுகமில்லாத ஒருவர் பெண் என்பது அவருடைய சுயவிவரத்திலேயே தெரிந்துவிட்டால், விகிதம் ஆண்களுடையதற்குக் கீழே இறங்கிவிட்டது. நிரல் பேசத்தான் செய்கிறது. யாருடைய குரலில் பேசுகிறது என்பதையும் நாம் காது கொடுத்துக் கேட்டுவிடுகிறோம்.

தகுதி உள்ளவர்கள் வரவில்லை, நாங்கள் என்ன செய்வது என்பது அடுத்த மறுப்பு. இதற்கு 2006-இல், லினக்ஸ் கணினிகளுக்குத் திரை முகப்பைத் தரும் க்னோம் என்ற திறந்தமூலத் திட்டத்தில் நடந்ததே போதிய விடை. கூகுளின் கோடைக்கால நிரலாக்கத் திட்டத்துக்காக அவர்களிடம் 181 விண்ணப்பங்கள் வந்தன; அவற்றில் ஒன்றுகூடப் பெண்ணுடையது அல்ல. பொறுப்பிலிருந்தவர்கள் பெண்களுக்கென்றே தனியாக ஓர் அழைப்பு விடுத்தபோது நூறு பேர் அளவில் விண்ணப்பித்தார்கள். அதே ஆண்டு, அதே மென்பொருள். முதல் அழைப்பு தமக்கானது என்று எண்ணாத நூறு பேர், இரண்டாவது அழைப்பைத் தமக்கானது என்று எடுத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். அந்த முயற்சி 2010-இல் மீண்டும் தொடங்கி, வளர்ந்து, இன்று அவுட்ரீச்சி என்ற பெயரில் பெண்களைத் தாண்டி, தத்தம் நாட்டில் பாகுபாட்டுக்கு உள்ளாகும் பலருக்கும் வழிகாட்டியோடும் ஊக்கத்தொகையோடும் வீட்டிலிருந்தே பணியாற்றும் வாய்ப்பைத் தருகிறது. ஊக்கத்தொகை என்பதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கூலியில்லாமல் மாலை நேரத்தை ஒரு திட்டத்துக்குக் கொடுக்க, முதலில் அந்த மாலை நேரம் தன்னுடையதாக இருக்க வேண்டும்.

பைத்தான் என்ற நிரல்மொழியின் கதையும் இதை ஒட்டியதே. 1991-இல் வெளிவந்த அந்த மொழியின் மைய நிரலாளர் குழுவில் முதல் பெண்ணாக மரியாட்டா விஜயா இடம்பெற்றது 2017-இல். இடையில் 26 ஆண்டுகள். 2015-இல் அம்மொழியை உருவாக்கிய குய்டோ வான் ரோசம், பெண்கள் இக்குழுவுக்குள் வர வேண்டும், நானே வழிகாட்டுகிறேன் என்று மேடையில் அறிவித்த பிறகுதான் அதுவும் நடந்தது.

சரி, வராதவர்களால் யாருக்கு இழப்பு? அவர்களுக்கு என்றுதான் நாம் பரிவோடு சொல்கிறோம். எனக்கு அந்தப் பரிவில் உடன்பாடு இல்லை, இழப்பு மென்பொருளுக்கு. கணினித் திரையில் உள்ளதைப் படித்துக் காட்டும் என்விடிஏ என்ற கட்டற்ற மென்பொருளை 2006-இல் எழுதத் தொடங்கிய மைக்கேல் கர்ரன் பார்வையற்றவர். அவரோடு வந்து சேர்ந்த நண்பரும் அப்படியே. அதைப் பயன்படுத்தும் மாணவர் ஒருவரின் அருகில் ஒருநாள் அமர்ந்திருந்தேன். நான் எழுதிய பக்கத்தைத்தான் திறந்தார். டேப் விசையை அவர் அழுத்த அழுத்த, 'பட்டன்', 'பட்டன்', 'பட்டன்' என்று ஏழு முறை ஒரே சொல்லை அது சொல்லிற்று. எந்தப் பட்டனுக்கும் நான் பெயர் கொடுத்திருக்கவில்லை. அழகான சிறு படங்கள் வைத்திருந்தேன். பார்வையுள்ள நாங்கள் நான்கு பேர் மூன்று மாதம் சோதித்தும் அகப்படாத வழு, அவர் வந்த அரை நிமிடத்தில் அகப்பட்டது.

நம் ஊர்ப் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். 'நாகர்கோவில்' என்பதில் எத்தனை எழுத்து என்று ஒன்றாம் வகுப்புப் பிள்ளையைக் கேட்டால் ஆறு என்று சொல்லும். பைத்தானைக் கேட்டால் 11 என்று சொல்லும்; மெய்யின் புள்ளியையும் உயிர்க்குறியையும், கணினியில் எழுத்துகளைக் குறிக்கும் பொது முறையான யூனிகோடு தனித்தனிக் குறியாக வைத்திருப்பதால் வந்த கணக்கு அது. இதை அறியாமல் எழுதிய நிரல், பெயரைப் பத்து எழுத்தில் வெட்டினால், கடைசிப் புள்ளி போய் 'நாகர்கோவில' என்று நிற்கும். தமிழ் தெரிந்தவர்கள் உட்கார்ந்து எழுதிய ஓப்பன்-தமிழ் என்ற நிரலகம் (பிற நிரல்களில் எடுத்துப் பயன்படுத்தும் நிரல் தொகுப்பு) எழுத்தை எழுத்தாக எண்ணும் வசதியைத் தருகிறது. அதுபோலவே, கடைசிப் பெயர் இல்லாமல் விண்ணப்பம் நகராது என்று அடம்பிடிக்கும் படிவங்கள். 1929-இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் சாதிப் பட்டத்தைத் துறப்பது என்று தீர்மானம் போட்ட நாட்டின் பிள்ளைகள், தலைப்பெழுத்தை மட்டும் வைத்துக்கொண்டு வாழ்கிறார்கள். அந்தப் படிவத்தை எழுதியவர் கெட்டவர் அல்லர். அவர் பக்கத்தில் நம்மில் ஒருவர் இல்லை.

இனி என் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். காற்றும் அலையும் காட்டும் சிறிய செயலி ஒன்றின் தமிழாக்கத்தை நான் பார்த்துவந்தேன். ஒக்கிப் புயலுக்குப் பிந்தைய ஆண்டுகள் அவை. கடற்கரை ஊர்களில் அப்படிப்பட்ட செயலிகளைத் தேடிய காலம். குளச்சலுக்கு மேற்கே ஒரு கடற்கரைச் சிற்றூரிலிருந்து ஒரு மாணவி, 'மேற்குக் காற்று' என்றிருந்த இடத்தில் 'கச்சான்' என்று திருத்தி அனுப்பியிருந்தார். ஏன் என்றும் தமிழிலேயே இரண்டு வரி எழுதியிருந்தார்: தம் அப்பா கச்சான் என்றால்தான் புரிந்துகொள்கிறார் என்று. நான் ஆங்கிலத்தில் பதில் எழுதினேன். 'வட்டார வழக்கு ஏற்கப்படாது; பங்களிப்பாளர் கையேட்டைப் படிக்கவும்' என்பது அதன் பொருள். அந்தக் கையேடும் ஆங்கிலத்தில்தான் இருந்தது. அவர் மறுபேச்சு இல்லாமல் தம் திருத்தக் கோரிக்கையை மூடிவிட்டார். பின்பு ஒருமுறை கடற்கரைக்குப் போய் நான்கு பேரிடம் செயலியைக் காட்டியபோதுதான், படித்த தமிழ் அங்கே அயல்மொழியாக நிற்பதைக் கண்டேன். அவருடைய திருத்தத்தைத் தேடினேன், கணக்கை நீக்கியிருந்தார். நானே சேர்த்தேன். இன்று அந்தச் செயலியில் கச்சான் இருக்கிறது. எந்த மாற்றத்தை யார் செய்தார் என்று குறித்துவைக்கும் கிட் பதிவில் அதைச் சேர்த்தவராக என் பெயர் இருக்கிறது.

நடத்தை நெறிமுறைகள் வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. 2018 செப்டம்பரில் டோர்வால்ட்ஸே தம் கடுஞ்சொற்களுக்காக வருத்தம் தெரிவித்துச் சிறிது காலம் விலகி நின்றபோது, லினக்ஸ் கருத் திட்டமும் அத்தகைய நெறிமுறை ஒன்றை ஏற்றுக்கொண்டது. ஆனால் என் பதிலில் எந்த நெறிமுறையையும் மீறிய சொல் ஒன்றும் இல்லை என்பதைக் கவனியுங்கள். வசைச்சொல்லை விதியால் தடுக்கலாம். வறண்ட மறுப்பை எந்த விதியாலும் தடுக்க முடியாது. ஆகவே திட்டங்களைப் பராமரிக்கும் நண்பர்களிடம் நான் கேட்பது சிறியது: முதன்முதலாக ஒருவர் அனுப்பும் மாற்றத்துக்கு எழுதும் பதிலை, அனுப்புமுன் ஒருமுறை அவருடைய இடத்திலிருந்து படியுங்கள். தமிழில் எழுதியவருக்குத் தமிழில் பதில் எழுதுங்கள். மறுப்பதாக இருந்தால், எதை மாற்றினால் ஏற்போம் என்ற வரியையும் சேர்த்து எழுதுங்கள்.

எங்கள் குழுவின் கூட்டத்தை முதலில் சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு வைத்திருந்தோம். மாணவிகள் வருவதில்லை, ஆர்வம் இல்லை போலும் என்று ஆறு மாதம் பேசிக்கொண்டோம். ஒரு மாணவி, கூட்டம் முடிந்தால் எங்கள் ஊருக்குப் பேருந்து இல்லை என்று சொன்ன பிறகு காலைக்கு மாற்றினோம். மாடியிலிருந்து கீழ்த்தளத்துக்கும் மாறினோம். வரும் சனிக்கிழமை காலை பத்து மணிக்குத் தொடங்கி ஒரு மணிக்கு முடிப்போம். மடிக்கணினி இல்லாதவர்களுக்கு மூன்று கணினிகள் இருக்கின்றன. அன்று எடுத்துக்கொள்ளும் வேலை, அந்தக் காற்றுச் செயலியின் பங்களிப்பாளர் கையேட்டைத் தமிழில் எழுதுவது. வாடை, கொண்டல், சோழகம் என்ற காற்றுப் பெயர்கள் இன்னும் சேர்க்கப்படவில்லை. கடற்கரை ஊர்க்காரர்கள் யாராவது வந்தால் நல்லது.

நன்றி, வணக்கம்.