180 ரூபாய்க்கு ஒரு பெல்ட் கதை

வணக்கம். பாம்பன் கரையில், நீங்கள் எப்போதும் பார்க்கும் அதே கவிழ்த்துப் போட்ட வத்தையின் மேல் அமர்ந்துதான் பேசுகிறேன். காற்று இரைந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இன்று எரிச்சலோடு வந்திருக்கிறேன். காரணம், கையில் இருக்கும் இந்தப் புத்தகம். ஆங்கிலக் கூட்டு வினைகளைத் தமிழில் விளக்குவதாக அட்டையில் போட்டு, 180 ரூபாய் விலை வைத்திருக்கிறார்கள். ராமநாதபுரத்தில் பேருந்து நகரத் தொடங்கிய பிறகு சன்னல் வழியே பணத்தை நீட்டி இதை வாங்கினேன். அவசரத்தைக் குறிக்கும் ஒரு சொல்லைத் தெரிந்துகொள்ள அவசரப்பட்டு ஏமாந்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அந்தச் சொல் ‘பக் அப்’. சென்ற வாரம் அக்கா மகளின் பள்ளியில் விளையாட்டு விழா நடந்தது. செருப்பில்லாமல் மணலில் அவள் ஓட, சுற்றி நின்ற அத்தனை பேரும் ‘பக் அப், பக் அப்’ என்று கத்தினார்கள். கோட்டுக்கு ஐந்தடி முன்னால் ரிப்பன் அவிழ்ந்து முகத்தில் விழுந்ததில் நான்காவதாகத்தான் வந்தாள். அழுதுகொண்டு நின்றவளின் முதுகைத் தட்டி, ஆசிரியை மறுபடியும் ‘பக் அப்’ என்றார். அவள் நேரே என்னிடம் வந்து, “மாமா, ஓட்டந்தான் முடிஞ்சிருச்சே, இன்னும் எதுக்கு வெரசா ஓடச் சொல்றாங்க?” என்று கேட்டாள்.

இந்தப் புத்தகமோ, ‘பக்கிள் அப்’ என்பதன் சுருக்கமே ‘பக் அப்’ என்றும், இடுப்புப் பெல்ட்டை இறுக்கிக்கொண்டு ஓடத் தயாராவதுதான் அதன் பொருள் என்றும் அடித்துச் சொல்கிறது. நாமே ‘வரிந்து கட்டிக்கொண்டு’ என்று சொல்பவர்கள் என்பதால் கேட்டவுடன் நம்பத் தோன்றும்; நானும் திருப்புல்லாணி விலக்கு வரை நம்பினேன். ஆனால் பக்கிள் என்பது, சிறு கன்னம் என்று பொருள்படும் ‘புக்குலா’ என்ற லத்தீன் சொல், தலைக்கவசத்தின் கன்னவாருக்குப் பெயராகி, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. பக் என்பதோ பழைய ஆங்கிலத்தின் சொந்தச் சரக்கு. ஆட்டுக்கிடாவையும் ஆண் மானையும் குறித்த சொல். இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

18ஆம் நூற்றாண்டில், உடுத்திக்கொண்டு மிடுக்காகத் திரிந்த இளவட்டங்களை ஆங்கிலேயர்கள் ‘பக்’ என்றார்கள். நம் ஊர் வழக்கில் மைனர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படி உடுத்திக்கொள்வது ‘பக் அப்’ ஆயிற்று. நன்றாக உடுத்தியவனுக்கு முதுகு தானாக நிமிரும் அல்லவா? அதனால் 19ஆம் நூற்றாண்டில் சோர்வை உதறித் தெம்பு கொள்வதற்கும், சுணங்காமல் விரைவதற்கும் அதே சொல் நீண்டது. ஆகவே, ஓடும்போது கத்தியவர்களும் சரி, அழும்போது தட்டிக்கொடுத்த ஆசிரியையும் சரி. அமெரிக்கர்கள் பெரும்பாலும் தேற்றுவதற்குத்தான் இதைச் சொல்வார்கள். நம் பள்ளி மைதானங்கள்தாம் விரட்டும் பொருளை விடாமல் பிடித்துவைத்திருக்கின்றன.

முன்பே சொல்லியிருக்க வேண்டிய ஒன்றை விட்டுவிட்டேன்: அந்த ‘அப்’. ‘ஹரி அப்’ என்பதிலும் அதே ‘அப்’தான். அங்கே அதற்கு மேலே என்ற பொருள் கிடையாது. சாப்பிட்டுவிடு, முடித்துவிடு என்பவற்றில் நம் ‘விடு’ எதையும் விடச் சொல்லாமல் செயலை முற்றுப்பெறச் செய்கிறதே, ஏறக்குறைய அந்த வேலையைத்தான் செய்கிறது. இந்தப் புத்தகத்தில் ‘அப்’ வரும் இடமெல்லாம் ‘மேலே’ என்று அச்சடித்திருக்கிறார்கள். 180 ரூபாய்!

கோடியக்கரையில் திரியும் வெளிமானுக்கு ஆங்கிலத்தில் ‘பிளாக்பக்’ என்று பெயர். அதில் இருப்பதும் இதே பக்தான்.

இவ்வளவையும் அக்கா மகளிடம் பொறுமையாகச் சொன்னேன். கேட்டு முடித்தவள், “அப்ப டீச்சர் என்னைய ஆட்டுக்கிடான்னாங்களா?” என்றாள். மான் என்றுதான் சொன்னார் என்று சமாளித்து, புத்தகத்தின் அந்தப் பக்கத்தைப் பென்சிலால் குறுக்கே அடித்து அவளிடமே கொடுத்துவிட்டேன். படம் பிடிப்பதற்காக இன்று இரவல் வாங்கி வந்திருக்கிறேன்.