டிரம்முக்கு அடியில் ஒரு குட்டிப் பாம்பு: கட்டுவிரியனா, ஓநாய்ப் பாம்பா?

எல்லோருக்கும் வணக்கம். இன்றைக்கு வேறு எதையோ பேசத்தான் இருந்தேன், ஆனால் காலையில் கொல்லைப்புறத்தில் தண்ணீர் டிரம்மை நகர்த்தினால் அடியில் இது சுருண்டு கிடக்கிறது, பாருங்கள், பேனா தடிமன்கூட இல்லை, நீளம் ஒரு அடி இருந்தால் அதிகம். வீடியோ ஆடுகிறது, கை நடுங்கியது, வேறென்ன. ஆறேழு அடி தள்ளி நின்று ஜூம் செய்து எடுத்தது.

கரும்பழுப்பு உடம்பு, குறுக்கே வெள்ளைப் பட்டைகள். பார்த்ததுமே கட்டுவிரியன் என்றுதான் தோன்றியது, வயிறு கலங்கிவிட்டது. பக்கத்து வீட்டு அண்ணன் மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்து, "குட்டிதானே தம்பி, கம்பு எடுத்துட்டு வரட்டுமா?" என்கிறார். அண்ணே, வேண்டாம் என்றேன். கட்டுவிரியன் என்றால் முட்டையை விட்டு வெளியே வரும்போதே அதற்கு விஷம் உண்டு, குட்டி என்பதெல்லாம் நமக்குத்தான். இன்னொரு பக்கம், பெரிய பாம்பைவிடக் குட்டிதான் ஆபத்து, அதற்கு விஷத்தை அடக்கிக் கொத்தத் தெரியாது என்றும் சொல்வார்கள், அதுவும் கதைதான். பெரிய பாம்பிடம் விஷம் அதிகமாகவே இருக்கும்.

சரி, இது என்ன பாம்பு? தலை முக்கோணமாக இருந்தால் விஷப்பாம்பு என்று யாராவது சொன்னால் தயவுசெய்து நம்பாதீர்கள். நாகத்துக்கும் கட்டுவிரியனுக்கும் தலை முக்கோணம் கிடையாது, இரண்டும் ஆளைக் கொல்லும். கண்மணி கோடு மாதிரி இருந்தால் விஷம் என்பதும் அப்படித்தான், மண்ணுளிப் பாம்புக்குக் கண்மணி நெட்டுக்குத்தாகத்தான் இருக்கும், அதற்கு விஷமே இல்லை.

எனக்குத் தெரிந்த அடையாளம் வேறு. பார்க்கக் கட்டுவிரியன் மாதிரியே இருக்கும், ஆனால் விஷமில்லாத ஓநாய்ப் பாம்புக்குத் தலையை ஒட்டியே பட்டை ஆரம்பித்துவிடும், கட்டுவிரியனுக்குக் கொஞ்சம் தள்ளித்தான் ஆரம்பிக்கும். இதைத்தான் எல்லோரும் ஷேர் செய்கிறார்கள், நானும் ஒரு பழைய வீடியோவில் இதையே சொல்லியிருக்கிறேன். அங்கேதான் சிக்கல். வளர்ந்த கட்டுவிரியனுக்கு அது பொருந்தும், முன்பக்கப் பட்டைகள் மங்கிப் போயிருக்கும். குட்டிக்கு அப்படி இல்லை, அதற்கு முன்பக்கத்திலேயே பட்டைகள் பளிச்சென்று இருக்கும். ஆக, அந்த விதியைக் கையில் வைத்துக்கொண்டு குட்டியைப் பார்த்தால் கட்டுவிரியனையே ஓநாய்ப் பாம்பு என்று முடிவு கட்டிவிடலாம். பழைய வீடியோவை எடுத்துவிட்டேன்.

அப்புறம் எதைப் பார்ப்பது? வாலைப் பாருங்கள். கட்டுவிரியனுக்குப் பட்டைகள் வால்வரைக்கும் போகும், மெல்லிசாக, பெரும்பாலும் இரண்டிரண்டாக. இதற்கு, இந்த இடத்தில் நிறுத்துகிறேன், கழுத்தில் காலர் போட்ட மாதிரி அகலமாக ஒரு பட்டை, கீழே வர வர மங்கி, வாலுக்குப் பக்கத்தில் ஒன்றுமே இல்லை. பட்டையின் ஓரத்தைக் கவனியுங்கள், பக்கவாட்டில் இறங்கும்போது இரண்டாகப் பிரிந்து விரிகிறது. ஓநாய்ப் பாம்பின் பட்டை இப்படித்தான் இருக்கும். தலையும் தட்டையாக, கழுத்தைவிடச் சற்று அகலமாக இருக்கிறது.

இன்னும் உறுதியான அடையாளம் முதுகின் நடுக்கோடு. கட்டுவிரியனுக்கு அந்த ஒரு வரிசைச் செதில்கள் மட்டும் பெரிதாக, அறுகோணமாக, தேன்கூட்டை வரிசையாக அடுக்கிய மாதிரி இருக்கும். ஓநாய்ப் பாம்புக்கு எல்லாச் செதிலும் ஒரே அளவு. வீடியோவில் அது சரியாகத் தெரியவில்லை, ஆனால் போன வாரம் இதே மூலையில் ஒரு பாம்புச் சட்டை கிடைத்து டப்பாவில் போட்டு வைத்திருந்தேன். இதோ. வெளிச்சத்துக்கு நேரே பிடிக்கிறேன், முதுகு நடுவில் பெரிய செதில் வரிசை இல்லை. வாலுக்கு அடியில் பாருங்கள், செதில்கள் இரண்டிரண்டாகப் பிரிந்திருக்கின்றன, கட்டுவிரியனுக்கு அங்கே ஒற்றையாக, பிரியாமல் இருக்கும். இந்தச் சட்டை இதே குட்டியுடையதுதானா என்றால் சத்தியம் செய்ய மாட்டேன். நீளத்தையும் நம்பாதீர்கள், உரியும்போது சட்டை இழுபட்டு நீண்டுவிடும்.

நான் இப்படி யோசித்துக்கொண்டே இருக்க, அது சரசரவென்று சுவரில் ஏறிவிட்டது. பூச்சுச் சுவர்! பல்லிதான் அதன் இரை, அதனால் சுவர் ஏறுவதில் கெட்டி. கட்டுவிரியன் பெரும்பாலும் தரையிலேயே திரியும்.

ஓநாய்ப் பாம்பின் கடி நமக்கு விஷமில்லை, பிடித்தால் மட்டும் சட்டென்று கடிக்கும், முன்பல் நீளம், பெயரே அதனால்தான் வந்தது. ஆனால் உங்களுக்கு ஒரு சதவீதம் சந்தேகம் இருந்தாலும் கட்டுவிரியன் என்றே வைத்துக்கொண்டு பாம்பு பிடிப்பவரைக் கூப்பிடுங்கள். கட்டுவிரியன் கடித்தால் பல நேரம் வலிக்காது, தடம்கூடத் தெரியாது, பிறகுதான் வயிற்று வலி, கண்ணிமை சொருகுவது எல்லாம். கட்டுப்போடுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம், கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் நேராக ஆஸ்பத்திரி. பாம்பை அடித்துக் கொண்டுபோக வேண்டிய அவசியமும் இல்லை, நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் சேர்த்துத்தான் இங்கே விஷமுறிவு மருந்து வருகிறது.

நம்ம ஆள் மதிலில் ஒரு விரிசலுக்குள் போய்விட்டான், வால்நுனி மட்டும் கொஞ்ச நேரம் வெளியே தெரிந்தது. அண்ணன் இன்னும் அந்த விரிசலையே பார்த்துக்கொண்டு நிற்கிறார், கையில் கம்பு. நான் போய் அவரிடம் இந்தச் சட்டையைக் காட்டிவிட்டு வருகிறேன்.